ஒரே பாக்கெட், ஒரே எடை, மூன்று கணக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சின் தலைப்பை 'ஈ.பி.ஆர்.' என்று சுருக்கமாகப் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்த இயற்பியல் துறை நண்பர் ஒருவர், "எலெக்ட்ரான் பாராமேக்னெடிக் ரெசொனன்ஸா? ரொம்ப நாளாச்சுப்பா அதைக் கேட்டு!" என்று ஆவலோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் மன்னிக்க வேண்டும். நான் பேச வந்தது வேறு ஈ.பி.ஆர். அரசிதழ்த் தமிழில் 'நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு'. நடைமுறையில், ஒரு கம்பெனி தன் சரக்கை எந்தக் கவரில், எந்த அட்டைப்பெட்டியில் போட்டு விற்றதோ, அந்தக் கவரும் பெட்டியும் குப்பையான பிறகும் அதற்கான செலவை ஏற்க வேண்டும், அதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்கிற விதி.

"இதிலே பேச என்னங்க இருக்கு? எடை போட்டு எழுதிக் கொடுத்தா முடிஞ்சுது" என்று தோன்றலாம். பத்து நாட்டுக்குச் சரக்கு அனுப்புகிற கம்பெனியில் இந்தக் கணக்கை எழுதுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். எடை ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் அந்த எடைக்கு வேறு பெயர், வேறு தேதி, வேறு ஆள். இதைச் சமாளிக்க என்ன வழி என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

ஒரு பாக்கெட்டைப் பிரித்துச் சரக்கை எடுத்துக்கொண்ட பிறகு கவர் எங்கே போகிறது? தெருவுக்கு. தெருவிலிருந்து தூய்மைப் பணியாளரின் கைக்கு. அங்கிருந்து குப்பைக் கிடங்குக்கு. கவர் செய்தவருக்குக் காசு வந்தது, அதில் அடைத்து விற்றவருக்கும் காசு வந்தது. கவரை அப்புறப்படுத்தும் செலவு மட்டும் நகராட்சியின் தலையில், அதாவது நம் வீட்டு வரியில். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல்லாண்டுகளாகச் சேர்ந்த குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்க மாநகராட்சி எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பது இங்கே சென்னையிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்குத் தெரியும்.

இந்தச் செலவைப் பொருளைச் சந்தைக்குக் கொண்டு வந்தவரிடமே திருப்பிவிட வேண்டும் என்ற கருத்தை 1990இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் ஓர் அறிக்கையில் முன்வைத்தார். செலவு தன் தலையில் விழுந்தால் கம்பெனி தானாகவே கவரை மெலிதாக்கும், மறுசுழற்சிக்கு ஏற்ற பொருளுக்கு மாறும் என்பது அதன் தர்க்கம். 1991இல் ஜெர்மனி பேக்கிங் பொருட்களுக்காக ஓர் ஆணை கொண்டு வந்தது. கம்பெனிகள் சேர்ந்து அமைத்த 'டூயல் சிஸ்டம்' என்ற அமைப்பு வீட்டு வாசலில் பேக்கிங் கழிவைச் சேகரிக்கும். கட்டணம் கட்டிய கம்பெனி தன் பாக்கெட்டில் பச்சைப் புள்ளிச் சின்னத்தை அச்சடித்துக்கொள்ளலாம். வட்டத்துக்குள் இரண்டு அம்புகள் சுற்றுமே, அந்தச் சின்னம்தான். அது 'மறுசுழற்சி செய்யக்கூடியது' என்பதற்கான அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 'இதற்குப் பணம் கட்டியாகிவிட்டது' என்பதே அதன் பொருள்.

இரண்டே ஆண்டில், 1993இல், அந்த அமைப்பு திவாலாகும் நிலைக்கு வந்தது. காரணங்களில் முக்கியமான ஒன்று, சின்னத்தைப் போட்டுக்கொண்டு கட்டணத்தைச் சரியாகக் கட்டாத கம்பெனிகள். மக்கள் ஒழுங்காகப் பிரித்துப் போட்டார்கள், குப்பை குவிந்தது, ஆனால் அதை எடுத்துக் கையாளத் தேவையான பணம் வரவில்லை. ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வரி போடும்போது நாலு வீட்டுக்காரர் தலைக்கட்டைக் குறைத்துச் சொன்னால் மீதி வீட்டுக்காரர்கள்தான் சுமக்க வேண்டும், இல்லையா? அதே கதைதான்.

இந்த அனுபவத்தின் நீட்சியாகத்தான் 2019 ஜனவரி 1 முதல் ஜெர்மனியில் புதிய பேக்கிங் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 'லூசிட்' என்ற பொதுப் பதிவேடு ஏற்பட்டது. எந்தக் கம்பெனி பதிவு செய்திருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போட்டிக் கம்பெனியும் பார்க்கலாம்! பதிவைக் கம்பெனி தானே செய்ய வேண்டும், புரோக்கரிடம் விட்டுவிட முடியாது. சேகரிப்பு அமைப்புக்குச் சொன்ன எடையையும் பதிவேட்டில் சொன்ன எடையையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கட்டணம் கட்டாமல் தப்பித்தால் 2 லட்சம் யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

ஐந்து கேள்விகள்

இப்போது ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டுப் பக்கம் ஒரு மசாலாக் கம்பெனி. 100 கிராம் சாம்பார்ப் பொடி பாக்கெட். உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய பிளாஸ்டிக் பௌச் 5 கிராம். அதில் பிளாஸ்டிக் 4 கிராம், அலுமினியம் 1 கிராம். வெளியே மெல்லிய அட்டை டப்பா 12 கிராம். 60 பாக்கெட் அடுக்கிய பெரிய அட்டைப்பெட்டி 420 கிராம். ஆண்டுக்கு இந்தியாவில் 1,20,000 பாக்கெட், பிரிட்டனுக்கு 60,000, ஜெர்மனிக்கு 60,000 என்று விற்பனை. லண்டனிலும் ஜெர்மனியிலும் நம் ஈழத்துச் சகோதரர்கள் நடத்தும் கடைகளில் இதைப் போன்ற பாக்கெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள்.

எந்த நாட்டின் படிவத்தை எடுத்தாலும் அது கேட்பது ஐந்தே கேள்விதான்.

முதல் கேள்வி: யார் பொறுப்பு? 'உற்பத்தியாளர்' என்றதும் ஈரோட்டுக் கம்பெனி என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியில், சரக்கு நிரப்பிய பேக்கிங்கை அந்த நாட்டுச் சந்தையில் முதன்முதலாக வியாபார ரீதியில் இறக்குகிறவர்தான் உற்பத்தியாளர். இறக்குமதி என்றால், சரக்கு எல்லையைத் தாண்டும்போது சட்டப்படி அதற்குப் பொறுப்பாளர் யாரோ அவர். பிரிட்டனிலும் பிராண்டின் சொந்தக்காரர் அந்நாட்டில் இல்லையென்றால் பொறுப்பு இறக்குமதியாளருக்கு. ஆக, அங்கே இருக்கும் மளிகை இறக்குமதியாளர்தான் கணக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் அவருக்கு எடை எப்படித் தெரியும்? "அண்ணே, பௌச் எத்தனை கிராம், என்ன மெட்டீரியல், உடனே அனுப்புங்க" என்று ஈரோட்டுக்குப் போன் வரும். அதே ஈரோட்டுக் கம்பெனி இடையில் யாருமில்லாமல் இணையக் கடை வழியாக ஜெர்மனி வாடிக்கையாளருக்கு நேரே பார்சல் அனுப்பினால், அப்போது அதுவேதான் உற்பத்தியாளர். 2022 ஜூலை முதல் விற்பனையாளர் பதிவு செய்திருக்கிறாரா என்று பார்க்காமல் இணையச் சந்தைகள் அங்கே அவருக்கு இடம் கொடுக்கக் கூடாது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளும், 2022 பிப்ரவரியில் வந்த வழிகாட்டு நெறிகளும் மூன்று பேரைப் பொறுப்பாக்குகின்றன: பேக்கிங் உற்பத்தியாளர், இறக்குமதியாளர், பிராண்டு உரிமையாளர். பிராண்டு உரிமையாளர் குறு, சிறு நிறுவனமாக இருந்தால் விலக்கு உண்டு. இங்கேயும் ஊர்க் கணக்கு இருக்கிறது, கவனியுங்கள். ஒன்றிரண்டு மாநிலங்களில் மட்டும் தொழில் நடத்தினால் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு. இரண்டுக்கு மேற்பட்ட மாநிலங்கள் என்றால் மத்திய வாரியத்தில் பதிவு. தமிழ்நாடு, புதுச்சேரியோடு நின்ற கம்பெனி பெங்களூருக்கு ஒரு கிளை போட்டதுமே பதிவு இடம் மாறுகிறது.

இரண்டாவது கேள்வி: எந்தப் பொருள்? நமது பௌச்சையே பாருங்கள். இந்தியாவில் பிளாஸ்டிக்கோடு வேறு பொருள் சேர்ந்த பல அடுக்குப் பேக்கிங் என்பதால் அது 3ஆம் வகை. பிரிட்டனில் எடையில் எது அதிகமோ அந்தப் பெயரில் எழுது என்கிறார்கள். அங்கே அது வெறும் 'பிளாஸ்டிக்'. ஜெர்மனியில் ஒரே பொருள் 95 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால்தான் அந்தப் பொருளின் பெயர். நம் பௌச்சில் பிளாஸ்டிக் 80 சதவிகிதம், ஆகவே அது 'கூட்டுப்பொருள்'. அதே 5 கிராம், மூன்று பெயர்! அட்டை டப்பாவை எடுத்தால் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். நம் 2016ஆம் ஆண்டு விதிகள் பிளாஸ்டிக்குக்கு மட்டும் என்பதால் அவற்றின் கீழ் அட்டைக்குக் கணக்கில்லை. காகிதம், கண்ணாடி, உலோகப் பேக்கிங்குக்கும் இந்தப் பொறுப்பைக் கொண்டுவர 2024 டிசம்பரில் மத்திய அரசு வரைவு விதிகளை வெளியிட்டது. அதனால் அட்டையின் எடையையும் எழுதி வைப்பதே புத்திசாலித்தனம்.

எது பேக்கிங், எது பேக்கிங் இல்லை என்பதிலேயே பட்டிமன்றம் நடத்தலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில், சட்டையோடு சேர்த்து விற்ற ஹேங்கர் பேக்கிங். தனியாக விற்ற ஹேங்கர் பேக்கிங் இல்லை. தேயிலைத் தூள் அடைத்த சின்னப் பை அந்தப் பழைய பட்டியலில் பேக்கிங் இல்லை. 2025இல் வந்த புதிய ஒழுங்குமுறையில் அது பேக்கிங்!

மூன்றாவது கேள்வி: எவ்வளவு? இந்தியக் கணக்கில் முந்தைய இரண்டு நிதியாண்டுகளின் சராசரியை எடுக்கிறோம். விற்ற பேக்கிங்கின் சராசரியோடு நுகர்வோரை அடையுமுன்பே கழிவாகிப்போனதின் சராசரியைக் கூட்டி, பொறுப்புள்ள வேறு நிறுவனங்களுக்குக் கொடுத்ததைக் கழிக்க வேண்டும். பிரிட்டனில் சராசரி கிடையாது. அந்தக் காலத்தில் உண்மையில் எவ்வளவு இறங்கியதோ அதுதான் கணக்கு. ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் பவுண்டும் பேக்கிங் 25 டன்னும் தாண்டினால் சிறிய நிறுவனம் என்று கணக்குக் கொடுக்க வேண்டும். 20 லட்சம் பவுண்டும் 50 டன்னும் தாண்டினால் பெரிய நிறுவனம், கட்டணமும் கட்ட வேண்டும். நம் இறக்குமதியாளர் இந்தப் பெரிய வரம்புக்குள் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025-26ஆம் ஆண்டுக் கட்டணம் பிளாஸ்டிக் டன்னுக்கு 423 பவுண்டு, காகிதம், அட்டைக்கு 196 பவுண்டு. நமது 60,000 பௌச் 300 கிலோ, கட்டணம் 126 பவுண்டு 90 பென்ஸ். அட்டை டப்பா 720 கிலோ, கட்டணம் 141 பவுண்டு 12 பென்ஸ். ஒரு சரக்குக்கு இது சின்னத் தொகைதான். 400 வகைச் சரக்கு இறக்கும் கடைக்காரருக்கு? பௌச்சை 5 கிராமுக்குப் பதில் 7 கிராம் என்று எழுதினால் வீண் செலவு. 3 கிராம் என்று எழுதினால் சட்ட மீறல்.

நான்காவது கேள்வி: எங்கே குப்பையாகிறது? பௌச்சும் டப்பாவும் வீட்டுக்குப் போகின்றன. பெரிய அட்டைப்பெட்டி கடையோடு நின்றுவிடுகிறது. ஜெர்மனியில் வீட்டுக்குப் போகும் பேக்கிங்குக்குத்தான் சேகரிப்பு அமைப்பில் சேர்ந்து கட்டணம் கட்ட வேண்டும். கடையோடு நிற்கும் போக்குவரத்துப் பெட்டிக்கு அது வேண்டாம். ஆனால் 2022 ஜூலை முதல் பதிவேட்டில் அதையும் குறிப்பிட வேண்டும். பிரிட்டனில் பெட்டியும் அறிக்கையில் வரும், வீட்டுக் கழிவுக் கட்டணம் மட்டும் அதற்கு இல்லை. அங்கே இறுதிப் பயனாளருக்கு நேராக விற்கும் பெரிய நிறுவனங்கள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்று நான்காகப் பிரித்தும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி இன்னும் கடினம். அங்கே நாடு முழுமைக்குமான பேக்கிங் பொறுப்புச் சட்டம் இல்லை. மாநிலம் மாநிலமாக வருகிறது. 2021இல் மெயின், ஆரிகன். 2022இல் கொலராடோ, கலிபோர்னியா. 2024இல் மின்னசோட்டா. 2025இல் மேரிலாண்ட், வாஷிங்டன். ஏழு மாநிலங்களுக்கு ஏழு சட்டங்கள். மொத்த வியாபாரியின் கிடங்கு வரைதான் நமக்குத் தெரியும். அங்கிருந்து எந்த மாநிலத்துக்கு எத்தனை பாக்கெட் போனது என்று யாருக்குத் தெரியும்? நாட்டு மொத்த விற்பனையை மக்கள்தொகை விகிதத்தில் பிரித்துக் காட்டுகிற முறையும் உண்டு. அப்படிப் பிரித்தால், எந்த முறையில் பிரித்தோம் என்பதை எழுதி வைக்க வேண்டும். பின்னால் ஒருவர் வந்து கேட்பார். அலகும் மாறும். இங்கே கிலோ, அங்கே பவுண்டு. டன் என்றால் நமக்கு 1,000 கிலோ, அமெரிக்கப் பழக்கத்தில் சுமார் 907 கிலோ. இதிலேயே கணக்கு கிட்டத்தட்ட பத்து சதவிகிதம் உதைக்கும்.

ஐந்தாவது கேள்வி: எந்தக் காலம்? நமக்கு ஏப்ரல் முதல் மார்ச். ஆண்டு அறிக்கைக்கு விதிப்படி ஜூன் 30, அவகாசம் நீட்டித்த ஆண்டுகளும் உண்டு. ஜெர்மனியில் ஜனவரி முதல் டிசம்பர். பெரிய அளவில் இறக்குகிறவர்கள் தணிக்கையாளர் சரிபார்த்த முழுமை அறிக்கையை மறு ஆண்டு மே 15க்குள் கொடுக்க வேண்டும். கண்ணாடி என்றால் 80,000 கிலோ, காகிதம் என்றால் 50,000 கிலோ, பிளாஸ்டிக், உலோகம், கூட்டுப்பொருள் என்றால் 30,000 கிலோ அதற்கு வரம்பு. பிரிட்டனில் பெரிய நிறுவனங்களுக்கு அரையாண்டுக் கணக்கு: முதல் பாதிக்கு அக்டோபர் 1, இரண்டாம் பாதிக்கு ஏப்ரல் 1. இப்போது ஈரோட்டுக் கம்பெனி அக்டோபர் மாதத்தில் அட்டை டப்பாவை 12 கிராமிலிருந்து 10 கிராமாக மெலிதாக்கினால் என்ன ஆகும்? மாற்றம் நடந்த தேதி குறிக்கப்படாமல் போனால் எந்த நாட்டுக் கணக்குமே சரியாக வராது.

ஒரே பேரேடு

இதையெல்லாம் கேட்டால் தலை சுற்றுகிறது. பல கம்பெனிகள் செய்வது என்னவென்றால், ஒவ்வொரு நாட்டிலிருந்தும் படிவம் வரும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிரப்புவது. ஜெர்மனிப் படிவம் ஏற்றுமதிப் பிரிவில், இந்தியப் படிவம் சுற்றுச்சூழல் பிரிவில், லண்டன்காரர் கேட்டது மார்க்கெட்டிங் பையனிடம். மூன்று பேர் மூன்று எடை எழுதுவார்கள். ஒருவர் சப்ளையர் சொன்னதை எழுதுவார், ஒருவர் போன வருஷத்ததைக் காப்பி அடிப்பார், ஒருவர் உத்தேசமாகப் போடுவார்.

நான் சொல்வது பழைய செட்டியார் கடை வழக்கம். பேரேடு ஒன்றுதான். கேட்கிறவர் யாராக இருந்தாலும் அதிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பேரேட்டில் ஒவ்வொரு பேக்கிங் உறுப்புக்கும் ஒரு வரி. பௌச், டப்பா, பெட்டி, லேபிள், ஒட்டும் டேப், பாலட்டைச் சுற்றும் பிலிம் எல்லாம் தனித்தனி வரி. ஒவ்வொரு வரியிலும் என்ன பொருள், கூட்டுப்பொருளானால் அதில் எது எத்தனை கிராம், மொத்த எடை, வீட்டுக்குப் போவதா கடையோடு நிற்பதா, சப்ளையர் யார், யார் எடை போட்டது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இந்த எடை செல்லும் என்பவை இருக்க வேண்டும். '3ஆம் வகை' என்றோ 'கூட்டுப்பொருள்' என்றோ அதில் எழுதக் கூடாது. அவை ஒவ்வொரு நாட்டின் பெயர்கள். பேரேட்டில் உண்மை மட்டும் இருக்கட்டும்: பிளாஸ்டிக் 4 கிராம், அலுமினியம் 1 கிராம். பெயர் வைப்பதை அந்தந்த நாட்டுக்கான இன்னொரு தாளில் செய்துகொள்ளலாம். நாளைக்குச் சட்டம் மாறினால் அந்தத் தாளை மாற்றினால் போதும், மறுபடி எடை போட வேண்டாம்.

இன்னொரு பக்கம் விற்பனை. எந்தச் சரக்கு, எத்தனை, எந்தத் தேதி, எந்த நாட்டுக்கு, முடிந்தால் எந்த மாநிலத்துக்கு. இது இன்வாய்ஸிலேயே இருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் எந்த நாட்டுக்கும், எந்தக் காலத்துக்கும் கணக்கு வந்துவிடும்.

எடை போடுவதில் வெட்கப்படக் கூடாது. சப்ளையர் காகிதத்தில் இருப்பது அவர் செய்ய நினைத்த எடை. கையில் இருப்பது உண்மையான எடை. பத்து பௌச்சை எடுத்து, நல்ல தராசில் வைத்துச் சராசரி பாருங்கள். நம் வேதியியல் ஆய்வகத்தில் பித்தளை எடைக்கற்களை இடுக்கியால் எடுத்து வைத்ததும், விரல் பட்டால் திட்டு வாங்கியதும் மூத்த மாணவர்களுக்கு மறந்திருக்காது. அந்தத் திட்டுக்கு இன்று ஏற்றுமதிச் சந்தையில் விலை இருக்கிறது, ஐயா! எடை போட்ட சீட்டைத் தேதியோடு கோப்பில் வையுங்கள். பிரிட்டனில் இந்த ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

"ஐரோப்பாவில் இனி ஒரே சட்டம்தானே, எல்லாம் சுலபமாயிடும்" என்று சிலர் சொல்கிறார்கள். 2025 பிப்ரவரி 11இல் அமலுக்கு வந்த புதிய பேக்கிங் ஒழுங்குமுறை, 2026 ஆகஸ்ட் 12ஐப் பொதுவாகச் செயல்படத் தொடங்கும் நாளாகக் குறிக்கிறது. 1994ஆம் ஆண்டின் பழைய நெறிமுறையை ஒவ்வொரு நாடும் தன் போக்கில் சட்டமாக்கிக்கொண்டது. இந்தப் புதியது எல்லா உறுப்பு நாடுகளுக்கும் நேரே பொருந்தும். வரையறைகள் ஒன்றாகும் என்பது நல்ல செய்திதான். ஆனால் பதிவேடு அதன்படியும் நாட்டுக்கு நாடு தனித்தனிதான். சட்டம் ஒன்றானாலும் கணக்கு நாடுவாரியாகத்தான் போகும். அதனால் பேரேடு தேவைப்படாத காலம் வரப்போவதில்லை.

எண்ணுக்குப் பின்னால் பிளாஸ்டிக் இருக்க வேண்டும்

இதுவரை நான் சொன்னது எழுத்தர் வேலை போலத் தோன்றலாம். இதில் பெரிய விஷயம் ஒன்று அடங்கியிருக்கிறது. இந்தியாவில் கம்பெனிகள் தங்கள் இலக்கை நிறைவேற்ற, பதிவு செய்த மறுசுழற்சி ஆலைகளிடமிருந்து சான்றிதழ் வாங்குகின்றன. 2021-22இல் 25 சதவிகிதம், அடுத்த ஆண்டு 70, 2023-24 முதல் 100 சதவிகிதம் என்று இலக்கு ஏறியது. சான்றிதழுக்குத் தேவை ஏறியதும் என்ன நடந்தது? 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சில ஆலைகளைத் தணிக்கை செய்தபோது ஏறத்தாழ 6 லட்சம் சான்றிதழ்கள் போலி என்று தெரியவந்தது. கணினித் திரையில் பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆகிவிட்டது. சாக்கடை அடைப்பில் அது அப்படியே கிடந்தது.

இலக்கை எட்டாத கம்பெனி சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். கட்டிவிட்டதால் பொறுப்பு தீராது, மூன்று ஆண்டு வரை அது தொடர்ந்து வரும். ஓராண்டுக்குள் குறையைச் சரி செய்தால் கட்டியதில் 75 சதவிகிதம் திரும்பக் கிடைக்கும், இரண்டாண்டு என்றால் 60, மூன்றாண்டு என்றால் 40. ஆக, காசைக் கட்டித் தப்பிக்க முடியாதபடி விதி இருக்கிறது. ஆனால் எண்ணே பொய்யானால் எந்த விதியும் என்ன செய்யும்?

ஜெர்மனியின் 1993உம் நம் 2023உம் சொல்லும் பாடம் ஒன்றுதான். குறைத்து எழுதிய ஒவ்வொரு கிலோவும் எங்கேயாவது ஒருவர் கையால் அள்ளப்பட வேண்டிய கிலோதான். அவருக்குக் கையுறை வாங்க வேண்டிய பணம், பிரிக்கும் கூடம் கட்ட வேண்டிய பணம், அந்த எழுதப்படாத கிலோவில் போய்விட்டது. பொய்க் கணக்கால் நேர்மையான கம்பெனிக்கும் நஷ்டம். ஒழுங்காகக் கட்டுகிறவர், கட்டாதவரின் பங்கையும் சேர்த்துச் சுமக்கிறார்.

கணக்கு உண்மையாக இருந்தால் அது நமக்கே பாடம் சொல்லும். நமது சாம்பார்ப் பொடியில் 100 கிராம் பொடிக்கு பௌச் 5, டப்பா 12, பெட்டியின் பங்கு 7, ஆக 24 கிராம் பேக்கிங். இதில் பாதி அந்த அட்டை டப்பா. "அது எதற்கு?" என்று ஒரு நாள் முதலாளி கேட்பார். அந்த ஒரு கேள்வி பிறந்தால் போதும், 1990இல் லிண்ட்க்விஸ்ட் நினைத்தது நடந்துவிட்டது.

மாணவர்களுக்கு

மாணவச் செல்வங்களே, இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். வேதியியல் படித்தவருக்கு இரண்டு பிளாஸ்டிக்குக்கு வித்தியாசம் தெரியும். வணிகவியல் படித்தவருக்கு இன்வாய்ஸ் படிக்கத் தெரியும், எல்லையில் சரக்கு யார் பொறுப்பில் இருந்தது என்று சொல்லத் தெரியும். கணினி படித்தவர் பேரேட்டைக் கட்டுவார். ஆங்கிலத்தில் இருக்கும் விதியை வரி வரியாகப் பொறுமையோடு படிக்கத் தெரிந்த இலக்கிய மாணவரும் வேண்டும். ஜெர்மன் மொழி கற்றுக்கொண்டால் இரட்டிப்பு லாபம். திருப்பூர், கரூர், ஆம்பூர், சிவகாசி என்று நம்மைச் சுற்றி எத்தனையோ ஊர்களில் வெளிநாட்டுக்குச் சரக்கு போகிறது. அந்த ஊர்களின் சின்னக் கம்பெனிகளுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரின் எடைப் படிவம் வந்து கொண்டிருக்கிறது. நிரப்பத் தெரிந்த ஆள் குறைவு.

ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு நம் கல்லூரி உணவகத்தில் ஒரு மாதத்துக்கு வந்து சேரும் பேக்கிங் அத்தனையையும் மாணவர்கள் எடை போட்டு, பொருள்வாரியாக ஒரு பேரேடு போடட்டும். பால் கவர், பிஸ்கட் பாக்கெட், எண்ணெய் டின், காய்கறி வந்த சாக்கு, ஒன்றையும் விட வேண்டாம். எடை போடுவதற்கு வேண்டிய தராசை எங்கள் வகுப்பு நண்பர்கள் சார்பில் வாங்கித் தருகிறோம். அந்தக் கணக்கு அடுத்த சந்திப்பின் மலரில் அச்சாகட்டும். பத்து நாட்டுப் படிவத்துக்கும் அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.